நாக்குக்கு அடியில்: ஒரு பல் மருத்துவரின் நாட்குறிப்பு

ஜனவரி 8, 2025, புதன். கும்பகோணம்

காலையில் பன்னிரண்டு நாள் பெண் குழந்தை. பாட்டி முன்னால் தூக்கிக்கொண்டு வந்தார். பிள்ளை பெற்றவள் பின்னால், தூக்கமில்லாத கண்ணோடு.

"நாக்கு ஒட்டியிருக்கு டாக்டரம்மா. பால் சரியா குடிக்கலை. லேசர்ல ஒரு நிமிஷத்துல எடுத்துடலாமாமே?"

யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். கையுறை மாட்டி, சுண்டுவிரலைக் குழந்தையின் வாயில் வைத்தேன். நன்றாக இழுத்துச் சப்பினாள். நாக்கு கீழ் ஈறைத் தாண்டி வருகிறது, அழும்போது மேலேயும் எழுகிறது. அடியில் மெல்லிய சவ்வு ஒன்று தெரிகிறது. அது நம் எல்லோருக்கும் இருப்பது.

திரையை இழுத்துவிட்டு அங்கேயே பால் கொடுக்கச் சொன்னேன். குழந்தை காம்பை மட்டும் கவ்வியிருந்தாள், காம்பைச் சுற்றிய கருவளையம் முழுக்க வெளியே. அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். காம்பு இரண்டும் வெடித்துப் புண்ணாகியிருக்கிறது. இதற்கு நாக்கை வெட்டி என்ன ஆகும்? தலையை அழுத்தாமல் தோளைத் தாங்கிப் பிடித்து, வாய் அகலத் திறக்கும்வரை காத்திருந்து, பிறகு அணைக்கச் சொன்னேன். இரண்டாவது முறை கொஞ்சம் பரவாயில்லை. குழந்தை மருத்துவரிடம் எடை பார்க்கவும், தாய்ப்பால் ஆலோசனை தரும் செவிலியைப் பார்க்கவும் சீட்டு எழுதிக் கொடுத்தேன்.

பாட்டிக்கு ஏமாற்றம். "மெஷின் இருக்குன்னுதானே இவ்வளவு தூரம் வந்தோம்" என்றார்.

இரவு அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 2017-இல் வெளியிட்ட மதிப்பாய்வு ஐந்து ஆய்வுகளையும் 302 குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்தது. சவ்வை வெட்டினால் தாயின் காம்பு வலி சில நாளைக்குக் குறைகிறது. குழந்தை நன்றாகக் குடிக்கத் தொடங்குகிறது என்று உறுதியாகச் சொல்ல அதில் ஒன்றும் கிடைக்கவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பு 2024-இல் தந்த அறிக்கையும் முதலில் பால் கொடுக்கும் முறையைச் சரிசெய்யத்தான் சொல்கிறது. கத்தரிக்கோலைவிட லேசர் மேல் என்பதற்குச் சான்றில்லை என்றும் சொல்கிறது. அதே நாட்டின் மருத்துவமனைப் பதிவுகளில் இந்தச் சவ்வு வெட்டு 1997-இல் சுமார் 1,280. 2012-இல் 12,400-ஐத் தாண்டிவிட்டது. பதினைந்து வருடத்தில் குழந்தைகளின் நாக்கு அவ்வளவு மாறியிருக்க முடியாது.

ஜனவரி 12, ஞாயிறு

லேசர் கருவியைத் துடைத்து, ஒளி வரும் ஃபைபர் முனைகளை எண்ணி வைத்தேன்.

லேசர் என்றதும் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள். எந்த அலைநீளம், அதை எது உறிஞ்சும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. 1960-இல் மெய்மன் மாணிக்கக் கல்லிலிருந்து முதல் லேசரை எடுத்தார். நான்கே ஆண்டில், மகாராஷ்டிரத்துப் பாராமதியில் பிறந்த குமார் படேல் பெல் ஆய்வகத்தில் கார்பன் டை ஆக்சைடு லேசரைக் கொண்டுவந்தார். அதன் 10,600 நானோமீட்டர் ஒளியைத் தண்ணீர் விழுங்கிக்கொள்ளும். திசுவில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் தொடாமலே மேலாக வெட்டலாம். எர்பியம் லேசர் 2,940. தண்ணீர் அதை இன்னும் ஆவலாக விழுங்கும். அதைக்கொண்டு எலும்பையும் பல்லையும்கூடச் சீவலாம், ஆனால் ரத்தத்தை அவ்வளவாக நிறுத்தாது. விலை என் போன்ற சிறு கிளினிக்குக்கு எட்டாது.

என்னிடம் இருப்பது 980 நானோமீட்டர் டயோடு லேசர். ரத்தத்தின் சிவப்பும் தோலின் கருமையும் இந்த ஒளியை நன்றாக வாங்கிக்கொள்ளும். வெட்டுவதற்கு முன்னால் கடி பார்க்கும் நீலக் காகிதத்தில் முனையைத் தொட்டுக் கருக்க வேண்டும். அதன்பிறகு வெட்டுவது பெரும்பாலும் அந்தக் கருகிய முனையின் சூடுதான். பல நூறு டிகிரி ஏறும். கத்தியைப் போல அழுத்தினால் வெட்டாது, வேகும். தூரிகையைப் போல வருடிக்கொண்டே போக வேண்டும், ஒரே இடத்தில் நிற்கக் கூடாது.

வாங்கிய புதிதில் இதை நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. ஒருவருக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லருகே ஈறைச் சீவும்போது கையேட்டில் இருந்த வாட் அளவை அப்படியே வைத்து, ஒரு மூலையில் தயங்கி நின்றுவிட்டேன். பத்து நாள் கழித்து அந்த இடத்தில் வெள்ளையாக எலும்பு தெரிந்தது. ஆற ஆறு வாரம். அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, வாரம் தவறாமல் வந்து காட்டினார். கையேட்டில் இருந்தது வெளிறிய ஈறுக்கான அளவு. நம் ஊர் ஈறில் நிறமி அதிகம். அதே வாட்டில் இங்கே சூடு வேகமாக ஏறும். இப்போது குறைத்துத் தொடங்கி, திசு சொல்வதைப் பார்த்துத்தான் ஏற்றுகிறேன்.

ஜனவரி 17, வெள்ளி

பொங்கலுக்கு மாமனார் வீட்டுக்கு வந்த ஒருவர், ஏழு வயது மகனோடு. ஊர் சாத்தூர் பக்கம், வேலை சென்னையில். பையனுக்கு ழ வரவில்லையாம், பள்ளியில் நாக்கைக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

பையன் நாக்கை நீட்டினான், மூக்கை நோக்கி வளைத்தான், வாயை அகலத் திறந்தபடி நுனியால் மேல் அண்ணத்தைத் தொட்டான். 'லாரி', 'டமாரம்', 'கண்ணாடி', 'நண்டு' எல்லாம் மணியாக வந்தன. 'வாழைப்பழம்' சொல்லச் சொன்னேன்.

"வாளப்பளம்."

அப்பாவைப் பார்த்தேன். "நீங்க சொல்லுங்க சார்." அவரும் "வாளப்பளம்" என்றார். சொன்னபிறகு அவருக்கே புரிந்துவிட்டது.

தெற்கே வாளப்பளம், சென்னையில் வாயப்பயம். பிள்ளை வீட்டில் கேட்டதைச் சொல்கிறான். ர, ழ இரண்டுக்கும் நுனிநாக்கு மேலே எழுந்து அண்ணத்தை வருட வேண்டும் என்று இலக்கண வகுப்பில் படித்திருக்கிறோம். நாக்கு உண்மையிலேயே கட்டுண்டிருந்தால் ழ மட்டும் தனியாகப் போகாது. ர, ல, ட, ண எல்லாம் சேர்ந்து தடுமாறும். ழ வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காக நாக்கைத் தொடுவது எனக்குச் சம்மதமில்லை. ஆசைப்பட்டால் ஒரு மாதம் வீட்டில் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள், நீங்களும் சேர்ந்து சொல்லுங்கள் என்று அனுப்பினேன்.

ஜனவரி 20, திங்கள்

அந்தப் பாட்டி போன் செய்தார். காம்புப் புண் ஆறிவருகிறதாம், எடை ஏறுகிறதாம். "பிள்ளை இப்ப சத்தம் போடாம குடிக்குது."

ஜனவரி 23, வியாழன்

இரண்டு பேரைப் பற்றி எழுத வேண்டும்.

முதலாமவர் ஐம்பத்தெட்டு வயது. ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் மாத்திரை பல வருடமாக. அதனால் ஈறு வீங்கி முன்பற்களைப் பாதி மூடிவிட்டது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்பதால் ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சாப்பிடுகிறார். இந்த இரண்டையும் நிறுத்தினால் ஆபத்து, நிறுத்தாமல் கத்தி வைத்தால் ரத்தம் ஒழுகிக்கொண்டே இருக்கும். லேசருக்கென்றே இருக்கிற வேலை என்று இதைத்தான் சொல்வேன். முதலில் இரண்டு முறை பல்லைச் சுத்தம் செய்து வீக்கத்தைக் குறைத்தோம். அவருடைய இதய மருத்துவரிடம் பேசியதில், அம்லோடிபினுக்குப் பதில் வேறு மாத்திரை தரச் சம்மதித்தார். இன்று மேல் வரிசை. பஞ்சில் சில துளிதான் ரத்தம், தையல் இல்லை. சீவிய துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பும்போது ஓரத்தைத் தாராளமாக விட்டு எடுத்தேன். லேசர் பட்ட ஓரம் கருகியிருக்கும், நுண்ணோக்கியில் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

இரண்டாமவர் வெற்றிலைக் கொடிக்காலில் வேலை செய்கிற அம்மா. வெற்றிலை புகையிலை முப்பது வருடம். நாக்கின் பக்கவாட்டில் வெள்ளைத் திட்டு, தடித்துச் சொரசொரப்பாக. "அந்த லைட்ட வச்சுச் சுரண்டி எடுத்துடுங்கம்மா, காரம் பட்டா எரியுது." மனசு கனத்துவிட்டது. அதை எரித்து எடுத்துவிட்டால் பார்க்க நாக்கு சுத்தமாகிவிடும். அதற்குள் என்ன இருந்தது என்பது யாருக்கும் தெரியாமல் போய்விடும். கத்தியால் சிறு துண்டு எடுத்து, ஒரு தையல் போட்டு, பயாப்சிக்கு அனுப்பியிருக்கிறேன். லேசர் இருக்கிற இடத்தில் கத்தியை ஏன் எடுத்தேன் என்று அவர் மகனிடம் உட்காரவைத்துச் சொன்னேன். முடிவு வரும்வரை எனக்கும் நிம்மதி இல்லை.

ஜனவரி 30, வியாழன்

இன்று அந்த நான்காம் வகுப்புப் பெண்.

நவம்பரில் முதலில் வந்தாள். நாக்கை நீட்டினால் நுனி இதய வடிவில் பிளவுபட்டு நிற்கும். ஐஸ்கிரீம் கோனை நக்கத் தெரியாது, கடித்துத்தான் தின்பாள். மேல் பல்லுக்குப் பின்னால் ஒட்டிய சோற்றை விரலால் எடுப்பாள். 'மரம்' என்றால் 'மயம்', 'கரண்டி' என்றால் ஒரு குழறல். வகுப்பில் எழுந்து படிக்கச் சொன்னால் தொண்டை வலி என்று சொல்லிவிடுவாளாம். அம்மா சொல்லும்போது அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அளந்து பார்த்தோம். வாயை முழுக்கத் திறந்தால் 42 மில்லிமீட்டர். நாக்கு நுனியை மேல் முன்பற்களின் பின்புறம் வைத்துக்கொண்டு திறந்தால் 17. பாதிகூட இல்லை. தஞ்சாவூரில் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரிடம் அனுப்பினேன். இரண்டு மாதம் பயிற்சி கொடுத்துவிட்டு, இதற்குமேல் நாக்கு எட்டவில்லை என்று அவர் எழுதியபிறகுதான் நாள் குறித்தோம்.

கதவைச் சாத்தி, எல்லோருக்கும் இந்த அலைநீளத்துக்கான கண்ணாடி. அம்மாவுக்கும் ஒன்று. பளபளக்கும் கருவிகளை எடுத்து ஓரமாக வைத்தாயிற்று, ஒளி பட்டுத் தெறிக்கக் கூடாது. முடி பொசுங்குகிற மாதிரி வாசனை வரும், பயப்படாதே என்று முன்பே சொல்லிவைத்தேன். பிள்ளைகள் வலியைவிட அந்த வாசனைக்குத்தான் திடுக்கிடுகிறார்கள். மரத்துப்போக ஜெல், பிறகு அதற்கே கொஞ்சம் லிக்னோகெய்ன். புகையை இழுக்கச் சக்ஷன் பக்கத்திலேயே.

நாக்கைத் தூக்கிப் பிடித்தால் சவ்வு வில் நாண் போல விறைத்து நிற்கிறது. இதைத் தனியான ஒரு கயிறு என்றுதான் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நியூசிலாந்தின் நிக்கி மில்ஸும் குழுவினரும் 2019-இல் காட்டியது வேறு: வாயின் அடித்தளத்தை மூடியிருக்கும் சவ்வுப்படலம் நாக்கு எழும்போது மடிந்து எழுவதுதான் இது. உணர்வு நரம்பின் கிளைகள் அதற்குச் சற்றுக் கீழேயே ஓடுகின்றன. ஆழமாகப் போனால் நுனிநாக்கு மரத்துப்போகலாம். கீழே, இரண்டு பக்கமும் உமிழ்நீர் வரும் கடுகளவு துவாரங்கள். அவற்றைச் சுட்டுவிட்டால் அடைத்துக்கொள்ளும். ஆகவே நடுவிலிருந்து, நாக்கின் பக்கமாகவே, 1.2 வாட்டில், விட்டு விட்டு வரும் துடிப்பில் வருடினேன். ஒவ்வொரு வருடலுக்கும் ஈரப் பஞ்சால் துடைத்துப் பார்த்தேன்.

கோடாக இருந்தது விரிந்து சாய்சதுரமாகத் திறந்தது. தசை தெரிகிற இடம் வரும் முன்பே நிறுத்திவிட்டேன். ரத்தம் இல்லாததால் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கை போய்க்கொண்டே இருக்கும். கத்தியாக இருந்தால் ரத்தமே எச்சரிக்கும். லேசரில் நிறுத்துவதை நான்தான் முடிவுசெய்ய வேண்டும், அதை முன்கூட்டியே மனதில் வைத்துக்கொள்ளாமல் பெடலில் கால் வைப்பதில்லை.

எழுந்து உட்கார்ந்தவள் நாக்கை வெளியே நீட்டி மேலுதட்டைத் தடவிப் பார்த்தாள். மறுபடியும். மறுபடியும். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டார்.

"இன்னிக்கு ராத்திரி வலிக்கும், பாராசிட்டமால் குடுங்க" என்றேன். வலியே இருக்காது என்று எழுதிய பலகைகளை ஊரெங்கும் பார்க்கிறேன். மரத்தது தெளிந்ததும் வலிக்கத்தான் செய்யும், கத்தியைவிடக் குறைவாக.

பிப்ரவரி 3, திங்கள்

அம்மா படம் அனுப்பினார்: "சீழ் வச்சிருச்சு." சீழ் இல்லை. வாய்ப்புண் ஆறும்போது வரும் வெளிர்மஞ்சள் படலம். அதைத் தேய்த்து எடுக்க வேண்டாம், உப்புத் தண்ணீர் கொப்பளித்தால் போதும் என்றேன். இனி யாருக்குச் செய்தாலும் இந்தப் படலத்தின் படத்தை முன்பே காட்டிவிட வேண்டும். நான்கு நாள் ஒரு தாய் வீணாகப் பயந்திருக்கிறார்.

கொடிக்கால் அம்மாவின் பயாப்சி வந்தது. புற்று இல்லை, ஆனால் செல்கள் மாறத் தொடங்கியிருக்கின்றன. வாய்ப்புற்று நிபுணரிடம் அனுப்பினேன். புகையிலையை இன்றோடு விடுவதாகக் கையில் அடித்துச் சொன்னார்.

பிப்ரவரி 13, வியாழன்

கல்யாணம் நிச்சயமான பெண், அம்மாவோடு. சிரித்தால் ஈறு கறுப்பாகத் தெரிகிறதாம், லேசரில் சிவப்பாக்க வேண்டுமாம். செய்ய முடியும், செய்துமிருக்கிறேன். ஆனால் அது நோய் இல்லை, தோலுக்கு இருக்கிற அதே நிறம் ஈறுக்கும் இருக்கிறது. நிறம் சில வருடத்தில் திரும்பவும் வரலாம். இதை அந்தப் பெண்ணிடம் நேராகச் சொன்னேன். "உனக்கு வேணுமாம்மா, இல்ல யாராவது சொன்னாங்களா?" பதில் சொல்லாமல் அம்மாவைப் பார்த்தாள். யோசித்து வரச் சொன்னேன்.

மாலையில் குழந்தை மருத்துவர் அனுப்பிய மூன்று வாரக் குழந்தை. நுனிவரை கட்டியிருந்த நாக்கு. பால் கொடுக்கும் முறையை எல்லாம் திருத்தியும் பிறந்த எடைகூடத் திரும்பவில்லை. பிறந்ததும் வைட்டமின் கே ஊசி போட்டார்களா, வீட்டில் யாருக்காவது ரத்தம் உறையாத நோய் உண்டா என்று கேட்டுக்கொண்டு, மழுங்கிய முனைக் கத்தரிக்கோலால் ஒரே வெட்டு. சில நொடிதான். லேசர் என்றால் கண்ணை மூடி, அசையாமல் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், இந்தச் சவ்வுக்கு அது தேவையில்லை. அழுகை அடங்கும் முன் அம்மாவின் மடியில் போட்டோம். குடித்தது.

மார்ச் 8, சனி

நான்காம் வகுப்புப் பெண் வந்தாள். புண் ஆறி மெல்லிய வெண்கோடு மட்டும். 42-க்கு இப்போது 32. 'அவர்', 'ஊர்' இரண்டிலும் கடைசி ர் வருகிறது. 'மரம்' இன்னும் பாதி 'மயம்'. ஒன்பது வருடம் கட்டுண்டு பழகிய நாக்கு, பயிற்சி இன்னும் மாதக்கணக்கில் போகும் என்று தஞ்சாவூரிலிருந்து எழுதியிருக்கிறார்கள்.

சோற்றை விரலால் எடுப்பதில்லையாம். வகுப்பில் இன்னும் எழுந்து படிக்கவில்லை.

அடுத்து வர வேண்டிய நாள் ஏப்ரல் 12 என்று அட்டையில் எழுதிக் கொடுத்தேன். அவளே வாங்கி, "ஏப்ரல்" என்று மெதுவாகப் படித்துப் பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.