உச்சி வெயிலில் ஒரு அடி ஸ்கேல்

23 பிப்ரவரி 2025, ஞாயிறு. உறையூர், திருச்சி

மத்தியானம் கை கழுவப் போன பாப்பா கையை உதறிக்கொண்டே ஓடி வந்தாள். "அம்மா, குழாய்க்குள்ள யாரு சுடுதண்ணி ஊத்துனது?"

யாரும் ஊற்றவில்லை, மாடித் தொட்டி காலையிலிருந்து வெயிலில் காய்கிறது என்றேன். அவள் விடவில்லை. "பொங்கலுக்கு இப்படிச் சுடலையே. இப்ப மட்டும் ஏன் சுடுது?" அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. "இப்ப சூரியன் நமக்குக் கிட்ட வருதுடா, அதான்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சரி என்று போய்விட்டாள்.

இரவு பாத்திரம் கழுவும்போது அந்தப் பதில் நெருடியது. யார் எனக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். யாருமே இல்லை. நானாக நினைத்துக்கொண்டதுதான். இரண்டாம் வகுப்புப் பிள்ளை அம்மா சொன்னதை அப்படியே மனதில் வைத்துக்கொள்ளும். சரிபார்க்க வேண்டும்.

25 பிப்ரவரி, செவ்வாய்

நான் சொன்னது தப்பு. கொஞ்சநஞ்சத் தப்பு இல்லை, நேர் தலைகீழ். பூமி இந்த ஆண்டு சூரியனுக்கு மிக அருகில் இருந்தது ஜனவரி 4 அன்று. மார்கழி 20. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்த நாள்! அன்று தூரம் 14 கோடியே 71 லட்சம் கி.மீ. ஜூலை 3 அன்று மிகத் தள்ளி இருக்கும், 15 கோடியே 21 லட்சம் கி.மீ. வெயிலுக்கும் குளிருக்கும் இந்தத் தூரம் காரணமே இல்லை. பூமியின் அச்சு இருபத்து மூன்றரை டிகிரி சாய்ந்திருப்பதுதான் காரணம்.

சாயங்காலம் அவளை உட்கார வைத்து, "அன்னிக்கு அம்மா சொன்னது தப்பு பாப்பா" என்றேன். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "அப்ப எது சரி?" அவ்வளவுதான் கேட்டாள்.

விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரைக்கு நேராகப் பிடித்தேன். சிவப்புத் தரையில் சின்னதாக, பளிச்சென்று ஒரு வட்டம். அப்புறம் கையை மெல்லச் சாய்த்தேன். வட்டம் நீண்டு நீண்டு சுவரோரம் வரை போய் மங்கிவிட்டது. அதே டார்ச், அதே வெளிச்சம். பாப்பா குனிந்து பார்த்துவிட்டு, "வெளிச்சம் இளைச்சுப் போச்சு" என்றாள். இதைவிட நல்ல சொல் எனக்குக் கிடைக்காது. மார்கழியில் வெயில் நம் மேல் சாய்வாக விழுந்து இளைத்துப் போகிறது. சித்திரையில் நேராக விழுகிறது.

உடனே அடுத்த கேள்வி. "சூரியன் நேரா வருதுன்னு நமக்கு எப்படித் தெரியும்? அண்ணாந்து பாத்தா கண்ணு கூசுமே." அண்ணாந்து பார்க்கவே கூடாது, நிழலைப் பார்த்தால் போதும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை மாடியில் அளக்கலாம் என்று பேசி வைத்திருக்கிறோம்.

28 பிப்ரவரி, வெள்ளி

தேசிய அறிவியல் தினம். 1928இல் இதே நாளில்தான் சி.வி. ராமன் தன் கண்டுபிடிப்பை உறுதி செய்தார். பிறந்த ஊர் இங்கே காவிரிக்கு அக்கரையில் திருவானைக்காவல், 1888 நவம்பர் 7. மாடி வீட்டுப் பையன் (ஐந்தாவது படிக்கிறான்) அவரைப் பற்றி ஒரு பக்கம் மனப்பாடம் செய்து போட்டியில் ஒப்பித்துவிட்டு வந்தான். "வானம் நீலமா இருக்கறதுக்கும் அவருக்கும் சம்பந்தம் இருக்கா மிஸ்?" என்று கேட்டானாம். நேரமில்லை, உட்கார் என்று சொல்லிவிட்டார்களாம். எனக்கு மனசு ஆறவில்லை. அந்த ஒரு பக்கம் முழுவதையும்விட அந்தக் கேள்விக்கு மதிப்பு அதிகம்.

சம்பந்தம் இருக்கிறது. 1921இல் ராமன் இங்கிலாந்துக்குக் கப்பலில் போய்த் திரும்பினார். வழியில் மத்தியதரைக் கடலின் நீலம் அவரை நிம்மதியாக இருக்க விடவில்லை. வானத்தின் நீலம் தண்ணீரில் தெரிகிறது, அவ்வளவுதான் என்று அதுவரை சொல்லி வந்ததை அவர் ஏற்கவில்லை. தண்ணீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று காட்டினார். அங்கே பிடித்த நூல்தான் ஏழு வருடம் கழித்து, சிதறும் ஒளியில் கொஞ்சம் நிறம் மாறிவிடுகிறது என்ற ராமன் விளைவில் போய் முடிந்தது. 1930இல் நோபல் பரிசு.

இரவு ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து நாலைந்து சொட்டுப் பால் விட்டு, பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்தோம். பக்கத்திலிருந்து பார்த்தால் லேசான நீலம். டம்ளருக்கு அந்தப் பக்கம் போய் டார்ச்சுக்கு நேராகப் பார்த்தால் ஆரஞ்சு. நீலம் வழியிலேயே சிதறிவிடுகிறது, மிஞ்சியது ஆரஞ்சு. பையன் டம்ளரைச் சுற்றிச் சுற்றி வந்தான். "ஆன்ட்டி, இந்தப் பக்கம் மத்தியானம், அந்தப் பக்கம் சாயங்காலம்!"

2 மார்ச், ஞாயிறு

மொட்டை மாடி. பாப்பாவின் ஒரு அடி ஸ்கேலை மாவுக்கட்டியில் செருகி, கொத்தனார் செய்வதுபோல் நூலில் ஒரு நட்டு கட்டித் தொங்கவிட்டு, நேராக நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டோம். பன்னிரண்டு மணிக்கு நிழலின் நுனியில் சாக்பீஸால் ஒரு புள்ளி. மூன்று நிமிடத்துக்கு ஒரு புள்ளி. மிகக் குட்டையான நிழல் எப்போதோ அதுதான் உச்சிப்பொழுது.

பன்னிரண்டு தாண்டியும் நிழல் குறைந்துகொண்டே வந்தது. பாப்பாவுக்குப் பொறுமையில்லை, "கடிகாரம் தப்பு" என்றாள். 12.27க்குத்தான் நின்றது. முப்பது சென்டிமீட்டர் ஸ்கேலுக்கு பத்து செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவான நிழல், வடக்குப் பார்த்து.

கடிகாரம் தப்பில்லை. இந்தியா முழுவதற்குமான நேரம் 82½ டிகிரி தீர்க்கரேகையை வைத்து. உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூர் பக்கம் போகிற கோடு அது. திருச்சி அதற்கு மேற்கே ஏறக்குறைய நாலு டிகிரி. டிகிரிக்கு நாலு நிமிடம் என்றால் கால் மணி நேரம். மீதிப் பன்னிரண்டு நிமிடம், பூமி வருடம் முழுக்க ஒரே வேகத்தில் சூரியனைச் சுற்றாததாலும் அச்சின் சாய்வாலும் வருவது. இதைப் பாப்பாவுக்குச் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. அவளுக்கு வேண்டியது அந்தப் புள்ளி மட்டும். எனக்காக எழுதிக்கொள்கிறேன்.

8 மார்ச், சனி

காலையில் மாவு பொங்கி, பாத்திரத்தைத் தாண்டி மேடை முழுக்க வழிந்திருந்தது. பாப்பா அதன் பக்கத்தில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மேலே ஒரு குமிழி பெரிதாகி, தோல் மெலிந்து, 'ப்பக்'கென்று உடைந்து, குழி மெதுவாக மூடிக்கொண்டது. "அப்பாயி, மாவு மூச்சு விடுது."

என் மாமியார் சிரிக்கவில்லை. "ஆமா, அதுக்கும் உசுரு இருக்குல்ல" என்றார். அவர் சொன்னது உண்மைதான். உளுந்தோடும் அரிசியோடும் வருகிற பாக்டீரியா மாவில் உள்ள சர்க்கரையைத் தின்று, புளிப்பையும் கரியமில வாயுவையும் விடுகிறது. லியூகோநாஸ்டாக் என்று அதில் ஒன்றுக்குப் பெயர். அந்த வாயுவை ஓடவிடாமல் பிடித்துவைப்பது உளுந்தின் வழுவழுப்பு. அரிசி மாவை மட்டும் புளிக்க வைத்தால் இப்படி எழும்பி நிற்காது.

மாமியாருக்கு இந்தப் பெயர் ஒன்றும் தெரியாது. ஆனால் மார்கழியில் மாவைக் கரைத்து அடுப்போரம் வைக்க வேண்டும், மாசி பிறந்தால் உப்பைக் காலையில்தான் போட வேண்டும் என்பதெல்லாம் அவர் கைக்குத் தெரியும். பாப்பாவின் கேள்வி அவரிடம் போனால் 'எப்படி' கிடைக்கிறது, 'ஏன்' என்பதை நான் தேடுகிறேன். இரண்டும் சேர்ந்தால்தான் அவள் கேள்வி தீர்கிறது.

12 மார்ச், புதன்

புதுக்கோட்டையில் ஒரு விசேஷம். திரும்பும்போது இருட்டிவிட்டது. மாசி மகம், வலது ஜன்னலில் பெரிய நிலா. கீரனூர் தாண்டியதும் பாப்பா காதருகே வந்து, "நிலா நம்ம பஸ் பின்னாடியே வருதும்மா. நம்ம வீடு அதுக்குத் தெரியுமா?" என்றாள்.

முதலில் ஓரத்து மரங்களைப் பார்க்கச் சொன்னேன். சடசடவென்று பின்னால் ஓடின. அடுத்து, தள்ளி ஓர் ஊரின் விளக்குகள். மெதுவாக நகர்ந்தன. இன்னும் தள்ளி, இருட்டில் ஒரு குன்று. அது அசையவே யோசித்தது. "தள்ளிப் போகப் போக மெதுவா ஓடுது" என்று அவளே சொன்னாள். நிலா எவ்வளவு தள்ளி? 3,84,000 கி.மீ. நாம் போவது மொத்தமே ஐம்பது கி.மீ.க்குக் கொஞ்சம் மேல். நிலாவுக்கு நாம் நகர்ந்ததே தெரியாது.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "அப்ப அது எல்லார் பஸ் கூடவும் போகுது" என்றாள். ஆமாம் என்றேன். தூங்கிவிட்டாள்.

16 மார்ச், ஞாயிறு

நிழல் 6.7 செ.மீ. நேரம் 12.24.

30 மார்ச், ஞாயிறு

3.7 செ.மீ. சாக்பீஸ் போட்டுவிட்டுக் கீழே ஓடிவிட்டோம், கால் வைக்க முடியவில்லை. கீழே வந்து மண்பானைத் தண்ணீர் குடிக்கும்போது, கரண்ட் இல்லாமல் பானை எப்படி ஃப்ரிட்ஜ் ஆகிறது என்று மாடி வீட்டுப் பையன் கேட்டான். இருவர் புறங்கையிலும் ஈரத்துணியால் தடவி ஊதச் சொன்னேன். ஜில்லென்றது. ஈரம் ஆவியாகும்போது கையின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. பானையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாக நீர் கசிந்து வெளியே ஆவியாகிறது. பானைக்குப் பெயின்ட் அடித்தால் குளிராது என்பதை அவனே சொன்னான்.

13 ஏப்ரல், ஞாயிறு

நிழல் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. 9 மி.மீ.

இந்த வாரம் மாமியாரும் குடையோடு மாடி ஏறி வந்தார். வயல் வேலைக்குப் போன காலத்தில் தங்கள் நிழலைக் காலடியால் அளந்துதான் நேரம் பார்ப்பார்களாம். "சித்திரையில நெழலு காலுக்கடியில போய் ஒளிஞ்சுக்கும், அப்ப கஞ்சி குடிக்கிற நேரம்." நாங்கள் ஒன்றரை மாதமாக ஸ்கேல் வைத்துத் துரத்திக்கொண்டிருப்பது அவருக்குச் சின்ன வயதிலிருந்தே பழகிய ஒன்று. கேட்டவர் யாரும் இல்லை, நான் உட்பட.

18 ஏப்ரல், வெள்ளி

புனித வெள்ளி, விடுமுறை. நிழலில்லா நாள்.

கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் நடுவில் இருக்கிற ஊர்களுக்கு மட்டும் வருடத்தில் இரண்டு நாள் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் வரும். டெல்லிக்கு ஒருநாளும் வராது. கன்னியாகுமரிக்கு ஏப்ரல் 10 வாக்கில் வந்துபோனது, சென்னைக்கு 24 வாக்கில். இன்று நம் ஊர்.

மாடியில் ஸ்கேல், எவர்சில்வர் டம்ளர், துணி காயப்போடும் கம்பி நட்ட குழாய், அப்புறம் பாப்பா. 12.10க்கு ஸ்கேலின் நிழல் ஒரு நூல் மாதிரி கிழக்கே ஒதுங்கப் பார்த்தது… இல்லை, மேற்கில்தான் இருந்தது, கிழக்குக்கு அப்புறம்தான் போகும். 12.15க்கு இல்லை. டம்ளரைச் சுற்றி எந்தப் பக்கமும் கறுப்பு இல்லை, தரையில் ஒட்டவைத்த படம்போல் நின்றது. பாப்பா தன்னையே சுற்றிப் பார்த்தாள். தலையும் தோளும் பாதத்தைச் சுற்றி ஒரு சின்னத் திட்டாகச் சுருண்டு கிடந்தன. குதித்தாள். குதித்தபோது மட்டும் நிழல் அவளைவிட்டுப் பிரிந்து கீழே கிடந்தது. "அம்மா, இது என்னுதுதான்!" என்று கத்திக்கொண்டு இருபது தடவையாவது குதித்திருப்பாள்.

சென்னையில் என் அண்ணன் மகன் காத்திருந்தான். அங்கே உச்சிப்பொழுது நமக்கு ஆறு ஏழு நிமிடம் முன்னாலேயே வந்துவிடும். ஒரு மீட்டர் கம்புக்கு அவனுக்கு 4 செ.மீ. நிழல். ஃபோனிலேயே கணக்குப் போட்டோம். நமக்குச் சூரியன் நேர் உச்சியில், அவனுக்கு 2.29 டிகிரி சாய்வு. சென்னை நமக்கு நேர்வடக்கில் எவ்வளவு தள்ளி என்று எடுத்தால் சுமார் 250 கி.மீ. 2.29 டிகிரிக்கு 250 என்றால் பூமியின் முழு வட்டம் 360க்கு? 39,300 கி.மீ. பூமியின் உண்மையான சுற்றளவு 40,000. எகிப்தில் எரட்டோஸ்தனீஸ் என்ற அறிஞர் இரண்டாயிரத்து இருநூறு வருடத்துக்கு முன் இதே வழியில்தான் அளந்தார். "அத்தை, ஒரு மில்லிமீட்டர் தப்பா அளந்தா?" என்றான். ஆயிரம் கி.மீ. மாறிவிடும் என்றேன். அடுத்த முறை இரண்டு மீட்டர் கம்பு வைக்கிறானாம்.

27 ஏப்ரல், ஞாயிறு

ஒன்பது நாள் கழித்து மாடி ஏறினோம். சாக்பீஸ் புள்ளிகள் வடக்கே வரிசையாக இன்னும் அழியாமல் இருந்தன. நிழல் அந்தப் பக்கம் இல்லை. ஸ்கேலுக்குத் தெற்கே ஒன்றரை சென்டிமீட்டர்.

பாப்பா முதலில் ஸ்கேலைத் திருப்பி வைத்துப் பார்த்தாள். அப்புறம் நூலைத் தொங்கவிட்டுப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் தெற்குப் பக்கம் மண்டியிட்டு முதல் புள்ளியை வைத்து, பக்கத்தில் தேதி எழுதினாள். "சூரியன் நம்மளத் தாண்டி அந்தப் பக்கம் போயிருச்சு. திரும்பி எப்ப வரும்?"

ஆகஸ்ட் 24 வாக்கில். இந்த முறை பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.