செக்ரோல் திறக்கப் பத்து நாள்

எங்கள் பெரிய கிராணி (தோட்ட அலுவலகத் தலைமை எழுத்தர்) பணி ஓய்வு பெற்றதும், ஆட்களின் வேலை நாளையும் சம்பளத்தையும் பதியும் செக்ரோல் வேலை என் கைக்கு வந்தது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டம் எங்களுடையது. யூசர் ஐடி, பாஸ்வேர்டு எல்லாம் ஒரே நாளில் கிடைத்தன. செக்ரோல் பதியும் எஸ்ஏபி மென்பொருளுக்குள் போனேன், மெனுவும் தெரிந்தது. ஆள் எண்ணைப் போட்டு வேலை நாளைப் பதிய அழுத்தினால், அனுமதி இல்லை என்று சிவப்பில் வந்து நின்றது. அன்று 25ஆம் தேதி.

ஹெல்ப்டெஸ்க் தம்பி, “ரோல் ஏறிடுச்சுக்கா, லாப்டாப்பை அடைச்சுத் திறந்து பாருங்க” என்றார். ரோல் என்றால், யார் எதைச் செய்யலாம் என்ற அனுமதித் தொகுப்பு. பார்த்தேன். அதே சிவப்பு. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமலே என் புகார் டிக்கெட்டை மூடினார்கள். மறுபடி போட்டேன், மறுபடி மூடினார்கள். மூன்றாவது தடவை புது விண்ணப்பப் பாரம் வேண்டும் என்றார்கள். அதைத் தூக்கிக்கொண்டு ஈப்போ வட்டார அலுவலகம் போனால், துரை (தோட்ட மேலாளர்) கையெழுத்து இருக்கிறது, தோட்டத்துச் சாப் (முத்திரை) இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பாரம் கொண்டு போகிறவர்கள் சாப்பைப் பார்த்துவிட்டு வண்டி ஏறுங்கள். எனக்கு ஒரு முழு நாள் போயிற்று.

நாள் ஓட ஓட வயிற்றைக் கலக்கியது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, மாதம் முடிந்து 7ஆம் நாளுக்குள் சம்பளம் கைக்குப் போய்ச் சேர வேண்டும். ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் கடைக்கணக்கை அதை நம்பித்தான் வைத்திருக்கிறார்கள்.

ஆட்களைக் கண்காணிக்கும் மண்டோர் என் கவலையைப் பார்த்துவிட்டு, “பெரியவர் பாஸ்வேர்டு கேலண்டருக்குப் பின்னாடி ஒட்டியிருக்கும்மா, அதைப் போட்டு முடிச்சிடு” என்றார். நல்ல மனசில்தான் சொன்னார். நான் தொடவில்லை. ஒவ்வொரு பதிவிலும் யார் பதிந்தது என்று பேர் விழும். நாளைக்கு ஒருவர் சம்பளம் குறைந்தால், வீட்டில் இருக்கும் அந்த மனிதர் பதில் சொல்ல வேண்டி வரும். ஹெல்ப்டெஸ்கைக் கேட்டேன்: அந்த ஐடி இன்னும் லாக் ஆகவில்லையாம். வேலையை விட்டுப் போனவருக்கு வழி திறந்திருக்கிறது, தினமும் வந்து உட்காருகிற எனக்கு இல்லை. அந்த ஆத்திரம் இன்னும் எனக்கு அடங்கவில்லை.

வழி காட்டியது வேறு தோட்டத்தில் கிராணியாக இருக்கும் என் தோழி. “சிவப்பு வந்த உடனே, வேறு எதையும் தொடாம, மேலே இருக்கிற கட்டத்துல சாய்கோடு போட்டு என்எஸ்யூ53-னு அடி. கடைசியா எதுல தடுத்ததுன்னு அது காட்டிடும்.” அடித்தேன். பெர்சனெல் ஏரியா, அதாவது ஆள் எந்தத் தோட்டம் என்று குறிக்கும் வரியில் சிஸ்டம் கேட்டது எங்கள் தோட்டத்து எண். என் ரோலில் இருந்ததோ பக்கத்துத் தோட்டத்து எண். ரோல் ஏறியது உண்மைதான். ஏறிய இடம் தப்பு. மெனு தெரிவதை நம்பி அனுமதி இருக்கிறது என்று நினைக்காதீர்கள், அது வேறு, இது வேறு.

அந்தத் திரையைப் படம் பிடித்து அனுப்பினேன். அன்று மத்தியானமே பதில் வந்தது. வெளியே வந்து மறுபடி உள்ளே போனேன். அப்படிச் செய்யாவிட்டால் பழைய அனுமதியே நிற்கலாம். முதலில் உரம் போடும் ஒரு அக்காவின் எண்ணைப் போட்டேன். திரையின் அடியில் பச்சை டிக் விழுந்தது. கண் கலங்கிவிட்டது. அன்று 4ஆம் தேதி. இரவு பதினொரு மணி வரை பதிந்தேன். 7ஆம் தேதி சம்பளம் போட்டாயிற்று.

அதோடு முடியவில்லை. சரிபண்ணும் அவசரத்தில் பெரியவரின் ரோல்களை மொத்தமாக எனக்கும் காப்பி பண்ணியிருந்தார்கள். சம்பளத்தை அங்கீகரிக்கிற பட்டனும் என் திரையில் இருந்தது. நாள் பதிகிறவளே பணத்தையும் அங்கீகரிக்கக் கூடாது. தப்பு நடந்தால் பிடிக்க இன்னொரு கண் இருக்காது. அதை எடுத்துவிடச் சொல்லியும், பெரியவர் ஐடியை லாக் பண்ணச் சொல்லியும் துரையிடம் கையெழுத்து வாங்கி, சாப் குத்தி அனுப்பினேன். இரண்டும் மறுநாளே நடந்தன. கேலண்டருக்குப் பின்னால் இருந்த தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.