தோட்டத்து வாசிகசாலையில் மாற்றுப் படங்கள்: இதுவரை செய்து பார்த்தது

இலங்கை மலையகத்தில், ஹட்டன் டவுனில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண வீடியோ எடிட் பண்ணுவது என் வேலை. மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் எங்கள் தேயிலைத் தோட்டத்து வாசிகசாலையில் படம் போட்டு, முடிந்ததும் உட்கார்ந்து பேசுகிறோம். பெரிய நட்சத்திரம் இல்லாத சின்னப் படங்கள், வந்த நேரத்தில் தியேட்டரில் நிற்காமல் போய் பிறகு ஆட்கள் தேடித்தேடிப் பார்க்கத் தொடங்கிய படங்கள், அப்புறம் இந்த நாட்டிலேயே எடுக்கப்பட்டு மலைப்பக்கம் ஏறியே வராத படங்கள், இவற்றைத்தான் போடுகிறோம். வருகிறவர்களும் கலவைதான்: லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற தோட்டத் தொழிலாளர்கள், டவுன் பள்ளிக்கூடத்து டீச்சர்மார், தலவாக்கலை, பொகவந்தலாவைப் பக்கம் போனில் குறும்படம் எடுக்கிற பொடியன்கள், கண்டியிலிருந்து ரயிலேறி வருகிற கெம்பஸ் பிள்ளைகள். பண்டாரவளையில் இதே மாதிரி ஒன்று தொடங்கப்போகிற நண்பர்கள் "எப்படிச் செய்றீங்க, எழுதித் தாங்க" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இடமும் நேரமும். சம்பளம் பத்தாம் திகதி, அதற்கடுத்த ஞாயிறு ஆளே கிடைக்காது, எல்லாரும் சாமான் வாங்க டவுனுக்கு இறங்கிவிடுவார்கள். மாதக் கடைசி ஞாயிறுதான் தோது. படம் விழுத்துகிற மல்டிமீடியா புரொஜெக்டர் ஸ்டூடியோ முதலாளியுடையது, அன்றைக்குக் கல்யாண வேலை இல்லையென்றால் தருவார். திரைக்குத் துணி கட்டுவதைவிட சுண்ணாம்பு அடித்த சுவரே நல்லது, துணி காற்றுக்கு ஆடிக்கொண்டே இருக்கும். பெரிய தலைவலி கூரை. தகரம். தென்மேல் மழை பிடித்துக்கொண்டால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. பி. எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி' (2024) மாதிரிப் படத்தில் பின்னணி இசையே கிடையாது. ஆட்டோ சத்தம், கட்டிவைத்த சேவல், காற்று, மூச்சு இவற்றிலேயே படம் நடக்கும். அதை ஜூலையில் போட்டால் பாதிப் படம் மழைக்குப் போய்விடும். ஆகவே மழையைப் பார்த்துப் படங்களைப் பிரித்துக்கொண்டோம்: ஜனவரி முதல் மார்ச் வரை காதால் கேட்க வேண்டிய படங்கள், மழை மாதங்களில் சப்டைட்டிலோடு பார்க்கக்கூடிய படங்கள். ஸ்பீக்கரைத் திரைக்குக் கீழே வைக்காமல் ஆட்களுக்கு இரண்டு பக்கமும் காது உயரத்தில் வைத்தால் சாதாரண மழையைச் சமாளிக்கலாம். கொட்டும் மழை என்றால் படத்தை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி குடிப்போம், வேறு வழியில்லை.

படத்தை எடுத்தவரிடம் கேட்டுவிட்டுத்தான் போடுகிறோம். சின்னப் படம் எடுத்தவர்களுக்கு எழுதினால் பெரும்பாலும் பதில் வருகிறது, சிலர் படம் முடிந்ததும் போனில் வந்து பேசவும் செய்கிறார்கள். சிங்களப் படங்களுக்குத் தமிழ் சப்டைட்டில் நானே போடுகிறேன், சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒரு டீச்சர் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுப்பார். பேசுவதை எல்லாம் எழுதினால் யாராலும் வாசித்து முடிக்க முடியாது. ஒரு வசனத்தைப் பாதியாகக் குறைத்து, இரண்டு வரிக்கு மேல் போகாமல், ஆள் மாறும்போது வரியும் மாறும்படி வெட்ட வேண்டும். எழுத்து வாசிக்கத் தெரியாத ஆயாமாருக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளையை உட்காரவைத்து மெதுவாக வாசிக்கச் சொல்கிறோம். முதலில் சிலர் முகம் சுளித்தார்கள், இப்போது அந்த முணுமுணுப்பு இல்லாவிட்டால்தான் ஏதோ குறைகிற மாதிரி இருக்கிறது.

சரி, பேச்சுக்கு வருகிறேன், இதுதான் முக்கியம். தொடக்கத்தில் படம் முடிந்து லைட்டைப் போட்டதும் யாராவது எழுந்து "இந்தப் படம் சொல்ல வரும் கருத்து என்னவென்றால்" என்று ஆரம்பிப்பார்கள். டீச்சர்மாரும் கெம்பஸ் பிள்ளைகளும் நன்றாகத்தான் பேசுவார்கள், ஆனால் பேசப் பேச மற்றவர்கள் சுருங்கிப்போவார்கள், கொழுந்தெடுத்துவிட்டு வந்த அக்காமார் பின்பக்கமாக நழுவிவிடுவார்கள். படத்தைக் கண்ணால் பார்த்த எல்லாருக்கும் சொல்ல ஏதோ இருக்கிறது, கருத்துச் சொல்லப் பழகியவர்களுக்கு மட்டும்தான் மேடை கிடைக்கிறது என்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

அது மாறியது லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018) போட்ட அன்றைக்கு. தமிழ்நாட்டில் தேனிப் பக்கம், கேரள எல்லை மலையில் ஏலத்தோட்டத்துக் கூலிகளின் கதை, நடித்தவர்களில் பலர் அந்த ஊர்க்காரர்களே. ரங்கசாமி என்ற சுமைகூலி ஒரு துண்டு நிலம் வாங்கப் பாடுபடுவான், கடைசியில் அதே மண்ணில் காற்றாலைக்குக் காவல்காரனாக நிற்பான். படம் முடிந்து வழக்கம்போல நிலம், மூலதனம் என்று பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போது, தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டி ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், அதுவரை வாயே திறக்காதவர், "அந்தப் பய மூட்டையத் தூக்கிக்கிட்டு இறங்கையில காலப் பாத்தீங்களா, குறுக்கால வச்சு இறங்குறான். அது நடிப்பு இல்ல, செமந்தவன் காலு" என்றார். உடனே படத்தைப் பின்னுக்கு ஓட்டி அந்த இடத்தைப் போட்டேன். அவர் சுவர்ப்பக்கம் எழுந்து போய் நிழல் விழ நின்று, பாதம் எப்படிச் சரிவுக்குக் குறுக்கே விழுகிறது, முட்டி எங்கே மடங்குகிறது, பாரம் எந்தத் தோளுக்கு மாறுகிறது என்று விரலால் காட்டினார். கேமரா ஏன் தள்ளி நின்று முழு உடம்பையும் காட்டுகிறது என்பது எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது. நெருக்கமாக முகத்தை மட்டும் எடுத்திருந்தால் அந்தக் கால் கிடைத்திருக்காது. அந்த நிமிஷத்திலிருந்து அக்காமாரும் பேசத் தொடங்கினார்கள், கடைசி பஸ்ஸை விட்டுவிட்டுக் கெம்பஸ் பிள்ளைகள் இங்கேயே தங்க வேண்டியதாகிவிட்டது.

அதிலிருந்து ஒரே ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். பேச விரும்புகிறவர் முதலில் ஓர் இடத்தைச் சொல்ல வேண்டும்: எந்தக் காட்சி, அதில் என்ன தெரிந்தது, என்ன கேட்டது. அந்த இடத்தை நான் திரும்பப் போடுவேன். பிறகு என்ன கருத்து வேண்டுமானாலும் சொல்லலாம். படம் எடுத்தவர் வந்திருந்தால் அவர் கடைசியில்தான் பேச வேண்டும், முதலில் பேசிவிட்டால் எல்லாரும் அவர் சொன்னதையே படத்தில் தேட ஆரம்பித்துவிடுவார்கள். இதைக் கேட்டு ஓர் இயக்குநர் முதலில் கொஞ்சம் கோபப்பட்டார், பிறகு அவரே ஒரு கொப்பியை எடுத்து எழுதிக்கொண்டிருந்தார்.

இந்த வழக்கம் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதைப் பிரசன்ன விதானகேயின் 'பாரடைஸ்' (2023) போட்டபோது பார்த்தோம். தென்கொரியாவின் பூசான் திரைப்பட விழாவில் கிம் ஜிசோக் விருது வாங்கிய படம். 2022இல் டீசலுக்கு வரிசையில் நின்ற அந்த நாட்களில், ராமாயண இடங்கள் பார்க்க மலைநாட்டுக்கு வருகிற ஓர் இந்தியத் தம்பதி, பொருட்கள் களவு போகின்றன, பொலிஸ் தோட்டத்துத் தமிழர் மூன்று பேரைப் பிடித்து நிறுத்துகிறது, கணவன் அவர்களைத்தான் என்று கைகாட்டிவிடுகிறான், ஒருவன் செத்துப்போகிறான். இது எங்கள் மலை, எங்கள் ஆட்கள். கூட்டத்தில் சூடு பறந்தது. ஒரு தம்பி, "மூணு பேருக்கும் பேச ரெண்டு வரிகூட இல்லையே, இதுலயும் நாங்க ஓரத்துலதானா" என்று கேட்டான், நியாயமான கேள்வி. இடத்தைச் சொல் என்றோம். அடையாளம் காட்டுகிற காட்சியைச் சொன்னான், போட்டோம். அவன் அம்மா வயதுள்ள ஓர் அக்கா அதைப் பார்த்துவிட்டு, "அவங்க பேசலதான், ஆனா இப்ப நம்ம யாரப் பாக்கிறோம்? கைகாட்டுறவன் மொகத்ததான பாக்கிறோம்" என்றார். படம் அந்தத் தம்பதியின் கண் வழியாக நடக்கிறது, அந்தக் கண் எவ்வளவு கொஞ்சமாகப் பார்க்கிறது என்பதையும் படமே காட்டுகிறது என்பது என் எண்ணம். தம்பி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் பக்கத்திலிருந்து அதே இரவை எடுத்தால் எப்படி இருக்கும் என்று அவன் ஒரு கதை எழுதத் தொடங்கியிருக்கிறான், எனக்கு அதுதான் பெரிய சந்தோஷம்.

தியாகராஜன் குமாரராஜாவின் 'ஆரண்ய காண்டம்' (2011) வேறு மாதிரி இரவு. 52 வெட்டுச் சொன்ன தணிக்கையோடு மல்லுக்கட்டி வெளியே வந்து, தியேட்டரில் நிற்காமல் போய், முதல் படத்துக்கும் படத்தொகுப்புக்கும் தேசிய விருது வாங்கி, பிறகு வருஷக்கணக்காக ஆட்கள் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லியே வளர்ந்த படம். பொடியன்கள் வசனத்தை முன்கூட்டியே சொல்லிக்கொண்டு பார்த்தார்கள். இப்படிப் பார்ப்பது படத்தைக் கெடுக்கிறதா என்று ஒரு டீச்சர் கேட்டபோது பெரியவர்கள்தான் பதில் சொன்னார்கள்: மாசியில் மன்மதன் எரிந்த கதையை ஆடுகிற காமன் கூத்துக்கு விடிய விடிய உட்காருகிறோம், கதை தெரியாமலா, இந்த வருஷம் ரதி எப்படி அழுகிறாள் என்று பார்க்கத்தானே. எனக்கு அது சட்டென்று பிடித்துக்கொண்டது. கதையை எதிர்பார்க்கிற பதற்றம் போனபிறகுதான் அந்தப் படத்தில் தாதாவின் பிடியில் இருக்கிற சுப்பு என்ற பெண் எங்கெல்லாம் சும்மா நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று கண்ணில் படுகிறது. ஆண்கள் எல்லாம் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், அவள் கவனித்துக்கொண்டே இருக்கிறாள், முடிவு அங்கிருந்துதான் வருகிறது. அன்றைக்குச் சின்னப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் போட்டோம், பண்டாரவளைக்காரர்களும் அதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டுப் படங்களைத் தேடுவதில்தான் என் நேரம் அதிகம் போகிறது. 60களின் தொடக்கத்திலேயே இங்கே 'தோட்டக்காரி' என்று ஒரு தமிழ்ப் படம் வந்திருக்கிறது. தொழிற்சங்கத் தலைவர் வி. பி. கணேசன் தயாரித்து நடித்த 'புதிய காற்று' 1975இல் வந்தது, அதைத் தியேட்டரில் பார்த்த பெரியவர்கள் எங்கள் கூட்டத்தில் இருக்கிறார்கள், பாட்டைக்கூட முனகிக் காட்டுகிறார்கள். போட்டுப் பார்க்கக்கூடிய பிரதிதான் கையில் கிடைக்கவில்லை. 1983 ஜூலையில் ஹெந்தளையில் விஜயா ஸ்டூடியோ எரிந்ததோடு எத்தனையோ படச்சுருள்கள் போய்விட்டன என்பதை நினைக்கும்போது, எடிட் மேசையில் உட்காருகிற எனக்கு வயிறு எரிகிறது. சிவமோகன் சுமதியின் 'இங்கிருந்து' (2013) மலையக மக்களைப் பற்றியே எடுக்கப்பட்டது, அப்படியிருந்தும் எங்கள் கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் அப்படி ஒரு படம் இருப்பதையே கேள்விப்பட்டிருக்கவில்லை. இப்படிப் படங்கள் விருது விழாக்களுக்கு மட்டும் போய்த் திரும்புவது சரியில்லை. முதலில் பார்க்க வேண்டியவர்கள் இஸ்தோப்பில், அதாவது வீட்டுத் திண்ணையில், உட்கார்ந்து டிவி சீரியல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், ஏனென்றால் வேறு எதையும் அவர்களிடம் யாரும் கொண்டுவரவில்லை.

எடுக்கிறவர்களுக்கு இந்தக் கூட்டத்தால் என்ன லாபம் என்று கேட்டால் ஓர் உதாரணம் சொல்லலாம். பொகவந்தலாவைப் பக்கத்துத் தம்பி ஒருவன் தன் அம்மாவின் ஒருநாளைப் போனிலேயே படம் பிடித்துக்கொண்டு வந்தான். முதல் வெட்டில், அதாவது முதலில் தொகுத்ததில், பனிமூட்டம், மேலிருந்து தேயிலை மலை, சோகப் பாட்டு, எல்லாம் அழகாக இருந்தது. அக்காமார் மரியாதையாகப் பார்த்தார்கள். பிறகு ஒருவர், "கொங்காணி கட்டுறதக் காட்டுன, கூடையக் காட்டுன, மடுவத்துல தராசக் காட்டவே இல்லியே தம்பி?" என்றார். மடுவம் என்றால் கொழுந்து நிறுக்கிற இடம். அவ்வளவுதான், ஆளுக்காள் தொடங்கிவிட்டார்கள், ஈரக் கொழுந்துக்குக் கழிக்கிற கிலோ, கூடைக்குக் கழிக்கிற கிலோ, அரைநாள் சம்பளம் மட்டும் என்று அரைப்பேர் போட்ட நாள். ஒருநாளின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது என்று அவனுக்குப் புரிந்தது. ஆனால் மடுவத்துக்குள் படம் எடுக்கத் தோட்ட நிர்வாகம் விடவில்லை. இதையும் கூட்டத்திலேயே பேசினோம். வெளியே வாசலில் நின்று அம்மாவின் முகத்தை மட்டும் எடு, தராசு முள்ளைப் பார்க்கிற கண் போதும், எடையைக் கூப்பிடுகிற குரலைத் தனியாகப் பதிந்து மேலே போடு என்று சொன்னேன். அவன் அப்படியே எடுத்துக்கொண்டு வந்தான். குரல் ஓர் எண்ணைச் சொல்லும், அம்மாவின் உதடு வேறோர் எண்ணை முணுமுணுக்கும், பிறகு அடுத்த ஆள் முன்னுக்கு வருவாள். பாட்டை எடுத்துவிட்டான். பனிமூட்டத்தில் ஒரே ஒரு ஷாட் மட்டும் வைத்திருக்கிறான், அதையும் எடுத்துவிடச் சொல்லி நான் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

செலவுக்கு ஒரு பிஸ்கட் டின்னை வாசலில் வைக்கிறோம், இருப்பவர் போடுவார். கேரளத்தில் ஜான் ஆபிரகாமும் அவருடைய ஒடேசா என்ற திரைப்படக் கூட்டமும் ஊர் ஊராகப் படம் காட்டிச் சனங்களிடம் காசு சேர்த்து 'அம்ம அறியான்' (1986) எடுத்த கதையைச் சொன்னதிலிருந்து டின் கொஞ்சம் கனக்கிறது. 'பாரடைஸ்' பார்த்துவிட்டுக் கேள்வி கேட்ட தம்பி எழுதுகிற கதையைப் படமாக்க இதிலிருந்தே தொடங்கலாம் என்று பேச்சு இருக்கிறது.

அடுத்தது விசாகேச சந்திரசேகரத்தின் 'மணல்', 2023இல் நெதர்லாந்தின் ரொட்டர்டாம் திரைப்பட விழாவில் நடுவர் சிறப்பு விருது வாங்கிய தமிழ்ப் படம். அதோடு பொகவந்தலாவைத் தம்பியின் புது வெட்டையும் போடுவோம். பண்டாரவளைக்காரர்கள் வருவதாக இருந்தால் நீளமான எச்டிஎம்ஐ கேபிள் ஒன்று கொண்டுவாருங்கள், எங்களுடையது ஆட்டினால்தான் படம் வருகிறது. அப்புறம், 'புதிய காற்று' யாருடைய வீட்டிலாவது பழைய கசெட்டாகக் கிடந்தால், எவ்வளவு தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை, எறிந்துவிடாமல் எனக்குச் சொல்லுங்கள், ஸ்டூடியோவில் வைத்து மாற்றிப் பத்திரமாகத் திருப்பித் தருகிறேன்.