கைம்மாறும் கடனும்

நம் சங்கம் ஊரிலுள்ள பாடசாலைக்கு உதவி அனுப்பும்போதெல்லாம் வெளிவரும் அறிவித்தலில் "நன்றிக்கடன் செலுத்துவோம்" என்ற தொடர் தவறாமல் இடம்பெறுகிறது. நல்லெண்ணத்தோடு எழுதப்படும் தொடர் அது என்பதில் எனக்கு ஐயமில்லை. எனினும், மலையகத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த நாம் நம் பாடசாலைக்குச் செய்வதைக் கடன் என்ற பெயரால் அழைக்க வேண்டுமா என்ற கேள்வி என் மனத்தில் நெடுநாளாக உண்டு. பெற்ற உதவிக்குத் திருப்பிச் செய்வதைக் குறிக்கக் கைம்மாறு என்ற பழஞ்சொல் தமிழில் இருக்கிறது. சாதாரண தர வகுப்பில் நமக்குத் தமிழ் படிப்பித்த சேர் அச்சொல்லின் பொருளையும் பிறப்பையும் விளக்கிய விதத்தை இம்மலரில் பதிந்து வைக்க விரும்புகிறேன்.

திருக்குறளின் ஒப்புரவறிதல் அதிகாரம் பாடமாக நடந்த அந்த நாட்களில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியிருந்தது. தகரக் கூரையில் மழை கொட்டத் தொடங்கினால் பின்வாங்கில் இருப்பவர்களுக்கு ஆசிரியரின் குரல் கேட்காது என்பது நம் காலத்து மாணவர் அனைவருக்கும் தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நம் பாடசாலை விடுதியிலேயே தங்கியிருந்த சேர், அத்தகைய வேளைகளில் பேச்சை நிறுத்திவிட்டுக் கரும்பலகை முழுவதையும் எழுத்தால் நிரப்புவார். அன்று பலகையின் ஒரு பக்கத்தில் "கை" என்றும் மறுபக்கத்தில் "மாறு" என்றும் எழுதி, இரண்டுக்கும் நடுவே ஒரு "ம்" சேர்த்து, அதைச் சுற்றி வட்டம் போட்டார். "கை" போன்ற தனி ஐகாரச் சொல்லின் பின் மெல்லினம் வந்தால் அது மிகுதலும் உண்டு என்பது நன்னூல் விதி. கைம்மண் என்பதில் மகரம் மிகுவதும் அவ்விதிப்படியே ஆகும். கைமாறு என்று ஒற்றை மகரத்தோடு எழுதிய என் கொப்பியில் அவர் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்து மகர ஒற்றைச் சேர்த்துத் தந்தது இன்றும் கண்முன் நிற்கிறது.

சொல்லின் உயிர் "மாறு" என்பதில் இருக்கிறது. ஒன்றைக் கொடுத்து அதற்கு எதிராக இன்னொன்றைக் கொள்ளுதல் அதன் பழம்பொருள்களுள் ஒன்று. அகநானூற்றின் 140ஆம் பாடலில் அம்மூவனார், உப்பு வணிகரான உமணர் மகளொருத்தி "நெல்லின் நேரே வெண்கல் உப்பு" என்று சேரியில் விலைமாறு கூறி வருவதைக் காட்டுகிறார். நெல்லுக்குச் சரிக்குச் சரியாக உப்பு. பண்டமாற்று என்று நாம் இன்று சொல்வதும் இந்த வேரிலிருந்து வருவதே. அதே வேரிலிருந்துதான் எதிர் நிற்றலைக் குறிக்கும் மாறுபாடு, பகைவனைக் குறிக்கும் மாற்றான் ஆகிய சொற்களும் பிறந்தன. எதிரே நிற்பவன் பகைவனாகவும் இருக்கலாம், பண்டம் கொள்ள வந்தவனாகவும் இருக்கலாம். ஆயினும் "கை" முன்னே வந்து சேர்ந்ததும் சொல் நன்மையின் பக்கம் சாய்ந்துவிட்டது. தீமைக்குத் தீமை செய்வதைப் பழிவாங்குதல் என்போம், வஞ்சம் தீர்த்தல் என்போம். கைம்மாறு என்று ஒருவரும் சொல்லார். இன்னா செய்தாரை ஒறுக்கும் வழி அவர் நாணும்படி நன்மை செய்து விடுவதே என்ற குறளையும் சேர் அன்று அருகில் எழுதிவைத்தார். தீமைக்கு எதிர் செய்வதையும் நன்மையாக்கிய அந்த நெஞ்சம் எனக்கு இன்றும் வியப்பைத் தருகிறது.

இச்சொல்லின் மிக நெருங்கிய உறவினை நாம் லயம் என்னும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் நாள்தோறும் கேட்டே வளர்ந்தோம். "அக்கா, கைமாத்தா ஒரு சுண்டு அரிசி குடுங்க, அரிசி போடுற அன்னிக்குத் தாரேன்" என்று பக்கத்துக் காம்பராவிலிருந்து, அதாவது அடுத்த அறை வீட்டிலிருந்து, குரல் வரும். வட்டி இல்லை, எழுத்து இல்லை, சாட்சியும் இல்லை. என் அப்பாயி கைமாற்று வாங்கும்போது சுண்டு என்ற அளவைப் பாத்திரத்தின் வாயை உள்ளங்கையால் வழித்து மட்டமாக அளந்து கொள்வார். திருப்பிக் கொடுக்கும்போதோ வழிக்காமல், அரிசி கூம்பாகி விளிம்பில் உதிரும்வரை அளப்பார். அந்தக் கூம்பளவு அரிசிக்குக் கணக்கு யாரும் கேட்டதில்லை. வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்று ஒரு பிடி முருங்கைக் கீரையாவது அதில் போட்டு அனுப்பிய வீடுகளையும் நான் அறிவேன். நம் அயலிலிருந்த சிங்கள மக்கள் இத்தகைய வட்டியில்லாச் சிறு கொடுக்கல் வாங்கலை "அத்மாறு" என்கிறார்கள். அத என்றால் அவர்கள் மொழியில் கை. கடைவீதியில் இரு மொழிக்காரரும் ஒரே சொல்லமைப்பைக் கொண்டு ஒருவரையொருவர் நம்பி வாழ்ந்தது பதிந்து வைக்கத் தக்கது.

கடன் என்ற சொல் நம் மலைகளில் வேறு வழியாக வந்தது. பழந்தமிழில் அது இழிந்த சொல் அன்று. "ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே" என்று பொன்முடியார் புறநானூற்றில் பாடும்போது கடன் என்பது கடமை. ஆனால் நம் முன்னோரின் பெயருக்கு எதிரே எழுதப்பட்ட கடன் கங்காணியின் கணக்கில் இருந்தது. தென்னிந்தியாவிலிருந்து ஆட்களைத் திரட்டி வந்த கங்காணி வழிச்செலவுக்கும் பிற தேவைகளுக்கும் கொடுத்த முன்பணம் அவர்கள் பெயரில் கடனாக நின்றது. ஒரு குழு வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், இன்ன தொகையைக் கட்டினால் இவர்களை விடுவோம் என்று பழைய தோட்டத்து நிர்வாகம் ஒரு சிறு கடதாசியில் எழுதிக் கொடுக்கும். அதற்குத் துண்டு என்று பெயர். புதிய தோட்டம் அத்தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடன் தீராது, கடன் கொடுத்தவர் மட்டும் மாறுவார். பணத்தோடு மனிதர்களும் குடும்பம் குடும்பமாகக் கை மாறினார்கள். 1921இல் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. ஆனாலும் கடன் என்ற சொல்லைக் கேட்டால் குரலைத் தாழ்த்தும் பழக்கம் நம் பாட்டன் பாட்டியரிடம் கடைசிவரை இருந்தது. இந்த வரலாற்றை அறிந்தவர்கள் நன்றியோடு கடனைச் சேர்த்து எழுதத் தயங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

திருக்குறளுக்குத் திரும்புகிறேன். "கைம்மாறு வேண்டா கடப்பாடு மாரிமாட்டு என்ஆற்றுங் கொல்லோ உலகு" என்பது அவ்வதிகாரத்தின் முதற்குறள். மழைக்கு உலகத்தார் என்ன திருப்பிச் செய்கிறார்கள்? அதுபோல, மழையை ஒத்தவர்கள் செய்யும் கடப்பாடாகிய ஒப்புரவும் எதிருதவியை நோக்குவதில்லை என்று பரிமேலழகர் உரை கூறுகிறார். மழையின் சத்தம் சற்று ஓய்ந்ததும் சேர் யன்னலுக்கு வெளியே கைகாட்டி, மஸ்கெலியாவிலும் காசல்ரீயிலும் தேங்கும் இந்த நீர் லக்சபானவில் மின்சாரமாகி, களனி கங்கையாகக் கொழும்புக்கு இறங்கி அங்குள்ளவர்களின் குடிநீராவதைச் சொன்னார். குறளுக்கு இதைவிடத் தெளிவான உரை வேறு எனக்குக் கிடைத்ததில்லை. தென்னை தன் தாளால் உண்ட நீரைத் தலையாலே தருவதால், செய்த நன்றி எப்போது திரும்பும் என்று கேட்க வேண்டாம் என்று ஔவையார் மூதுரையில் ஆறுதல் சொல்கிறார். வள்ளுவர் அந்த ஆறுதலையும் தரவில்லை. இம்மையில் செய்தது மறுமைக்கு உதவும் என்று எண்ணிக் கொடுப்பவனை "அறவிலை வணிகன்" என்று முடமோசியார் பெயரிட்டு, வள்ளல் ஆய் அண்டிரன் அத்தகையவன் அல்லன் என்று புறநானூற்றில் பாடியதும் இதே நோக்கில்தான். எனக்கு இவ்விருவரின் கடுமையே உவப்பானது.

நம் சேரும் அவரோடு வந்த மட்டக்களப்பு ஆசிரியர்களும் அந்தியில் விடுதி விறாந்தையில் அரிக்கன் லாம்பை வைத்து, தோட்டத்தில் காலை வேலைக்கு ஆள் எடுக்கும் பிரட்டுக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் கணிதமும் தமிழும் சொல்லிக் கொடுத்தார்கள். அவ்வுதவிக்குச் சமமான தொகை எந்த வங்கியிலும் இல்லை. ஆகவே நாம் அனுப்பும் பணத்தை அவர்களுக்குரிய கைம்மாறு என்று சொல்வதும் முழுமையாகப் பொருந்தாது. அது அடுத்த வகுப்புப் பிள்ளைகளுக்கு நாம் செய்யும் கடப்பாடு.

இதனால்தான் ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறேன். நம் புலமைப்பரிசில் விண்ணப்பப் படிவத்தின் இறுதியில், பிற்காலத்தில் இவ்வுதவிக்கு ஈடாகச் சங்கத்துக்குத் தன்னால் இயன்றதைச் செய்வதாக மாணவர் உறுதியளித்துக் கையொப்பமிடும் வரி ஒன்று இருக்கிறது. பதினாறு வயதுப் பிள்ளையிடம், அதுவும் லயத்திலிருந்து வரும் பிள்ளையிடம், நாம் இதை எழுதி வாங்கலாகாது. அவ்வரியை நீக்குமாறு வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் முன்மொழிய இருக்கிறேன். வழிமொழிய விரும்பும் அங்கத்தவர்கள் கூட்டத்துக்கு முன்னரே செயலாளருக்கு எழுத்து மூலம் அறிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.