வாத்தியார் பெயர் பதிவேட்டில் இல்லை

“இந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருப்பவர்தான் செயலாளர் என்பதற்கு என்ன காகிதம் இருக்கிறது?” என்று எங்கள் சங்கத்தின் பரிந்துரைக் கடிதத்தைப் பார்த்து மாவட்டக் கலை மன்றத்து அலுவலர் கேட்டபோது எனக்குக் கேள்வியே புரியவில்லை. எங்கள் பக்கத்தில் தெருக்கூத்து பார்க்கிற எல்லோருக்கும் எங்கள் கூத்துக் கலைஞர் சங்கச் செயலாளரைத் தெரியும். லெட்டர்பேடு இருக்கிறது, சீல் இருக்கிறது, சங்கம் 1975-ஆம் வருட சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவானது. வேறென்ன வேண்டும்? அவர் பொறுமையாகவே சொன்னார்: “நிர்வாகிகள் யார் என்று பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்த படிவம் 7 நகல் கொண்டு வாங்க, அதில் இவர் பெயர் இருக்கணும்.” போன வருடம் தை மாதம் கேட்ட அந்த ஒரு நகலைக் கையில் வாங்க எனக்குக் கார்த்திகை ஆகிவிட்டது.

யாருக்காக அலைந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஜமாவின், அதாவது கூத்துக் குழுவின், வாத்தியாருக்கு 68 வயது. 14 வயதில் வேஷம் கட்டத் தொடங்கியவர், நாற்பது வருடத்துக்கு மேல் பாஞ்சாலி வேஷம் அவருடையதுதான். மாவட்டக் கலை மன்றம் வழியாக 66 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தருகிற கலை முதுமணி விருதுக்கு விண்ணப்பம் போடலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன். ஹார்மோனியம் வாசிக்கிறவன் நான், ஜமாவில் எழுத்து வேலை வந்தால் என்னிடம்தான் வரும். படங்கள், நிகழ்ச்சி நோட்டீஸ், வயதுச் சான்று எல்லாம் ஒரு வாரத்தில் தயார். சங்கத்தின் பரிந்துரைக் கடிதத்தில்தான் எல்லாம் நின்றது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார்ந்து அந்தக் கடிதத்தை நிதானமாகப் படித்தேன். “2019 முதல் நமது சங்க உறுப்பினர்” என்று எழுதியிருந்தது. அவர் 1996-இல் சேர்ந்தவர். சங்கத்துக்கு வாடகைக்கு இடம் பிடிக்கக்கூட அலைந்தவர்களில் ஒருவர். எங்கள் துணைவிதிப்படி 20 வருடம் தொடர்ந்து இருந்தால் மூத்த உறுப்பினர்: சந்தா கிடையாது, ஆண்டு விழாவில் மாலை மரியாதை உண்டு, விருதுக்குப் பரிந்துரை செய்யும்போது முதல் வரிசையில் வைப்பார்கள். இந்தக் கடிதத்தின்படி பார்த்தால் அவர் நேற்று வந்தவர். கையில் வாங்கும்போதே படிக்காமல் விட்டது என் தவறு. நீங்கள் வாங்கினால் அங்கேயே நின்று ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுப் படியிறங்குங்கள்.

செயலாளர் அண்ணனிடம் கேட்டால் “பதிவேட்டில் அப்படித்தான்பா இருக்கு” என்றார். பொருளாளர் “ரசீது இருக்கா?” என்றார். காரணத்தைத் தோண்ட இரண்டு வாரம் ஆனது. 2015 மழையில் சங்க அலுவலகத்துக்குள் தண்ணீர் வந்து பழைய உறுப்பினர் பதிவேடு ஊறிப் போயிருக்கிறது. புதுப் பதிவேடு எழுதும்போது அந்த ஒரு வருடச் சந்தா ரசீதுகளின் அடிக்கட்டையை மட்டும் வைத்து எழுதியிருக்கிறார்கள். அந்த வருடம்தான் வாத்தியார் கூத்துக் களத்தில் சேற்றில் வழுக்கி இடுப்பெலும்பு உடைந்து படுக்கையில் கிடந்தார். சந்தா கட்டவில்லை. அடிக்கட்டையில் இல்லாத பெயர் பதிவேட்டிலும் ஏறவில்லை. 2019-இல் மறுபடி ஆட வந்தபோது புது உறுப்பினர் என்று நுழைவுக் கட்டணம் வாங்கிச் சேர்த்திருக்கிறார்கள். அவரும் ஒரு வார்த்தை கேட்காமல் கட்டியிருக்கிறார். “சங்கத்துக்குத்தானே போகுது” என்றார் என்னிடம். எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாக அடங்கவில்லை.

ஆதாரம் தேடியதில் 11 ரசீது கிடைத்தது, வேஷப் பெட்டியின் அடியில், அரிதாரம் படிந்து பாதி எழுத்து அழிந்து. பழைய மாநாட்டுப் படம் ஒன்றும் இருந்தது. பொருளாளர் அதையெல்லாம் பார்த்துவிட்டு “மீதி வருஷம்?” என்றார். உண்மையில் எங்களைக் காப்பாற்றியது தீர்மானப் புத்தகம்தான். அது பீரோவின் மேல் தட்டில் இருந்ததால் நனையவில்லை. பொதுக்குழுவுக்கு வந்தவர்கள் எல்லோரும் அதில் கையெழுத்துப் போடுவார்கள் இல்லையா, 1996 முதல் 2014 வரை ஒரு வருடம் விடாமல் அவருடைய கையெழுத்து இருந்தது. 2003-இல் ஒரு தீர்மானத்தை முன்மொழிந்தவரே அவர்தான். அந்தப் பக்கத்தைக் கண்டபோது நான் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தேன், இருந்தும் சத்தம் போட்டுவிட்டேன். ரசீது தொலைந்தவர்கள் எல்லோரும் முதலில் தீர்மானப் புத்தகத்தைக் கேளுங்கள். அங்கேயே ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது துணைவிதி. சங்கத்தில் யாரிடமும் முழுப் பிரதி இல்லை. ஆளுக்கொரு விதி சொல்கிறார்கள், காட்டு என்றால் இல்லை. மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்து, கட்டணம் கட்டி, சான்றிட்ட நகல் வாங்கலாம். வாங்கத்தான் போனேன். சங்கத்தின் பதிவு எண்ணும் பதிவான வருடமும் இல்லாமல் போனதில் முதல் நாள் வீண். இரண்டாவது முறை “கோப்பு பழைய அறையில் இருக்கு, அடுத்த வாரம் வாங்க.” மூன்றாவது முறை அந்த எழுத்தர் விடுப்பு. இரவு முழுக்க வாசித்துவிட்டு, காலையில் தூங்காமல் இரண்டு பஸ் மாறிப் போகிறவனுக்கு அடுத்த வாரம் என்பது லேசான சொல் கிடையாது. நான்காவது முறை போனபோது மனுவின் நகலில் பெற்றுக்கொண்ட தேதியும் முத்திரையும் போட்டுத் தாருங்கள் என்று கேட்டு வாங்கினேன். அதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். அதற்கடுத்த முறை கோப்பு மேஜைமேல் இருந்தது.

கோப்பில் இரண்டு விஷயம் கிடைத்தது. சந்தா பாக்கிக்காக ஒருவரை நீக்க வேண்டும் என்றால் எழுத்தில் அறிவிப்பு அனுப்பி, 30 நாள் அவகாசம் கொடுத்து, செயற்குழு தீர்மானம் போட வேண்டும் என்று எங்கள் துணைவிதியே சொல்கிறது. வாத்தியாருக்கு அறிவிப்பும் வரவில்லை, தீர்மானமும் இல்லை. அதாவது அவர் எப்போதும் நீக்கப்படவே இல்லை. இது நல்ல செய்தி. கெட்ட செய்தி, கடைசியாகப் படிவம் 7 தாக்கலானது 2018-இல். சட்டப்படி செயற்குழுவின் பதவிக்காலம் மூன்று வருடத்துக்கு மேல் போகக்கூடாது. 2020-இலும் 2021-இலும் கொரோனாவில் கூத்தே இல்லாமல் எல்லோரும் சாப்பாட்டுக்கு அல்லாடிக்கொண்டிருந்தோம், தேர்தல் யாருக்கு ஞாபகம் இருக்கும்? 2022-இல் கைதட்டி இப்போதைய செயலாளரைத் தேர்ந்தெடுத்தோம், நானும் கைதட்டினேன். அதைக் காகிதத்தில் ஏற்றி யாரும் தாக்கல் செய்யவில்லை. ஆக, கலை மன்றத்து அலுவலர் கேட்டது சரியான கேள்வி.

இந்த இடத்தில் சில நண்பர்கள் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் 36-ஆவது பிரிவில் பதிவாளரிடம் விசாரணை கேட்கலாம் என்றார்கள். மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர் கையெழுத்துப் போட்டால் கேட்கலாம்தான். நான் வேண்டாம் என்றேன். செயலாளர் அண்ணன் பணம் தின்றவர் இல்லை, காகிதத்தை மதிக்காதவர், அவ்வளவுதான். விசாரணை என்று போனால் சங்கம் இரண்டாக உடையும். அப்புறம் கோயில்காரர்கள் எந்தப் பக்கத்து ஜமாவைக் கூப்பிடுவது என்று பார்ப்பார்கள். இன்றும் அந்த முடிவு சரி என்றுதான் நினைக்கிறேன்.

பொதுக்குழு கூட்டுவது என்று முடிவானது. யார் கூட்டுவது? பதவிக்காலம் முடிந்தவர் அனுப்பும் அறிவிப்பு செல்லாது என்று பின்னால் யாராவது கிளம்பலாம் என்பதால், 2018 படிவத்தில் பெயர் இருந்தவர்களில் மூன்று பேரும் இப்போதைய செயலாளரும் சேர்ந்து கையெழுத்திட்டார்கள். இது ஒரு வக்கீல் சொன்ன யோசனை. அதுவரை சரி. ஆனால் அண்ணன் அவசரப்பட்டு வைகாசியில் தேதி வைத்தார், அறிவிப்பை வாட்ஸ்அப்பில் போட்டார். பங்குனி தொடங்கி ஆடி முடியும்வரை பாரதக் கூத்து நடக்கும் காலம், ராத்திரி ஆட்டம், பகலில் தூக்கம். எங்களுக்குத் தெரியாததா இது? 132 உறுப்பினரில் மூன்றில் ஒரு பங்கு, 44 பேர் வர வேண்டும். வந்தவர்கள் 23. அதில் நான்கைந்து பேர் ஆட்டம் முடிந்து நேராக வந்திருந்தார்கள், காது மடலில் அரிதாரம் அப்படியே இருந்தது. வாத்தியாரும் பத்து மணிக்கே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஒரு மணி வரை காத்திருந்து கலைந்தோம். போதாக்குறைக்கு அறிவிப்பைத் தபாலில்தான் அனுப்ப வேண்டும் என்று துணைவிதியில் இருக்கிறது, 44 பேர் வந்திருந்தாலும் கேள்வி வந்திருக்கும். அந்த வருட விருதுக்கான கடைசித் தேதியும் போய்விட்டது.

அடுத்தது புரட்டாசி. இந்த முறை அறிவிப்பை நானே அச்சடித்து, தபாலில் அனுப்பி, அனுப்பியதற்கான சான்றை ஒரு கோப்பில் ஒட்டி வைத்தேன். 21 நாள் முன்னதாகவே அனுப்பினோம், ஏனென்றால் துணைவிதியில் திருத்தமும் செய்ய நினைத்தோம், அதற்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும், வந்தவர்களில் நான்கில் மூன்று பங்கு ஆதரவும் வேண்டும். 71 பேர் வந்தார்கள். தேர்தல் பத்து நிமிடத்தில் முடிந்தது, அதே செயலாளர்தான். பங்குனி முதல் ஆடி வரை பொதுக்குழு கூட்டக்கூடாது என்ற திருத்தத்துக்கு 66 பேர் கை தூக்கினார்கள்.

வாத்தியார் விஷயம் வந்தபோதுதான் ஒருவர் எழுந்து, “அவருக்குச் செய்தால் மற்றவங்களுக்கும் செய்யணும்” என்றார். எதிர்ப்பு என்று நினைத்தேன். அவர் பாட்டுக்குப் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தார். தீர்மானப் புத்தகத்தை அங்கேயே விரித்து ஒப்பிட்டதில், புதுப் பதிவேட்டில் ஏறாமல் போனவர்கள் வாத்தியாரைத் தவிர ஒன்பது பேர். அதில் இரண்டு பேர் இப்போது இல்லை. ஒருவர் மிருதங்கக்காரர், 2017-இல் இறந்தவர். சங்கத்தில் ஈமச் சடங்குக்கு 5,000 ரூபாய் தருவது வழக்கம். அவருடைய மனைவி வந்து கேட்டபோது “பதிவேட்டில் பேர் இல்லைம்மா” என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். கூடத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. திருப்பி அனுப்பியவரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார், அவரே எழுந்து அந்தப் பணத்தை உடனே கொடுக்க வேண்டும் என்று முன்மொழிந்தார்.

வாத்தியாரின் உறுப்பினர் காலம் 1996 முதல் தொடர்ச்சியானது என்று ஒருமனதாகத் தீர்மானம் ஆனது. 2015 முதல் 2018 வரை நான்கு வருடச் சந்தா பாக்கி, வருடத்துக்கு 120 வீதம் 480 ரூபாய். மடியிலிருந்து எண்ணி அவரே கட்டினார், நான் கொடுக்கிறேன் என்றதற்கு விடவில்லை. ரசீது எழுதும்போது பொருளாளர் எழுந்து நின்று கொடுத்தார்.

படிவம் 7 தாக்கல் தனிக் கதை. விட்டுப்போன வருடங்களின் தணிக்கை செய்த கணக்கு கேட்டார்கள், தாமதத்துக்கு விளக்கக் கடிதம் கேட்டார்கள், அதெல்லாம் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது பெயர். எங்கள் ஆட்களுக்குக் களத்தில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர். புதுச் செயற்குழுவில் மூன்று பேரைப் பதிவேட்டில் ஊர்ப் பெயரும் வேஷப் பெயருமாக எழுதியிருந்தோம், ஆதாரில் வேறு. இன்னொருவருக்குத் தலைப்பெழுத்தே மாறியிருந்தது. திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடி எல்லோருடைய கையெழுத்தும் வாங்க நாலு ஊர் சுற்றினேன். உங்கள் சங்கப் பதிவேட்டில் இரண்டு பெயருக்கும் தனித்தனிக் கட்டம் போட்டுவிடுங்கள், ஆதாரில் உள்ள எழுத்து மாறாமல். படிவத்தை எழுதும் முன் ஒவ்வொருவரின் அட்டையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கார்த்திகையில் நகல் கைக்கு வந்தது. புதுப் பரிந்துரைக் கடிதத்தில் “1996 முதல்” என்று இருக்கிறது, இந்த முறை அலுவலகத்திலேயே நின்று மூன்று தரம் படித்தேன். இந்த வருட விண்ணப்பத்தோடு படிவம் 7 நகலையும் சேர்த்துக் கொடுத்தாகிவிட்டது. அதே அலுவலர்தான் வாங்கினார், முதல் பக்கத்தைப் புரட்டியதும் தலையாட்டிவிட்டுப் பதிவு எண் போட்டுக் கொடுத்தார்.

மிருதங்கக்காரர் வீட்டுக்குச் செயலாளர் அண்ணனும் நானும் போனோம். அந்த அம்மா பணத்தை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, “பேரை எழுதிட்டீங்களா?” என்று கேட்டார். போனில் பதிவேட்டுப் பக்கத்தின் படம் இருந்தது, காட்டினோம். ஒன்பது பேரில் நான்கு பேருக்குப் புதுப்பித்தாகிவிட்டது. மூன்று பேரை இன்னும் கண்டுபிடிக்கவில்லை, தீர்மானப் புத்தகத்தில் வேஷப் பெயரும் ஊரும் மட்டும்தான் இருக்கிறது. வருகிற பங்குனிக்குள் அந்த மூன்று ஊருக்கும் போய் வர வேண்டும்.