ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு சாக்கர் கோச் ஆன அனுபவம்

ஜூலை கடைசியில் என் மகள் சேர்ந்திருந்த கால்பந்து லீக்கிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. பத்து வயதுக்குட்பட்ட பெண் பிள்ளைகள் பிரிவில் ஓர் அணிக்குக் கோச் இல்லை, ஒரு வாரத்துக்குள் பெற்றோரில் யாரும் முன்வராவிட்டால் அந்தப் பத்துப் பேரும் காத்திருப்போர் பட்டியலுக்குப் போவார்கள் என்று. அதில் என் மகளும் ஒருத்தி. தஞ்சாவூரில் பள்ளி நாட்களில் நான் ஆடியது கோ-கோவும் த்ரோபாலும்தான், கால்பந்து ஆடியதே இல்லை. ஆனால் மகள் புது ஷூவை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தாள். அன்றிரவே 'சரி, நான் செய்கிறேன்' என்று பதில் போட்டுவிட்டேன்.

நாங்கள் இருப்பது கலிஃபோர்னியாவில், சான் ஹோசே பக்கம். எங்கள் லீக், அமெரிக்கா முழுக்கப் பிள்ளைகளுக்குக் கால்பந்து நடத்தும் ஏஒய்எஸ்ஓ அமைப்பைச் சேர்ந்தது. 1964-ல் இதே மாநிலத்தில் டாரன்ஸில் தொடங்கிய அமைப்பு, கோச், நடுவர் என்று பெரும்பாலும் பெற்றோர்களே சம்பளமில்லாமல் செய்கிறார்கள். சம்பளம் இல்லையே தவிர, நினைத்தவுடன் மைதானத்தில் இறங்கிவிட முடியாது. முதலில் ஆன்லைன் வகுப்புகள், எனக்கு மூன்று மாலைகள் பிடித்தன. பிள்ளைகளிடம் நடந்துகொள்ளும் முறை, திடீரென இதயம் நின்றுபோவது, தலையில் அடிபட்டால் வரும் கன்கஷன் என்கிற மூளை அதிர்ச்சி. இந்தக் கன்கஷன் வகுப்பை மட்டும் யாரும் வேகமாகத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். சந்தேகம் வந்தாலே பிள்ளையை வெளியே உட்கார வைக்க வேண்டும், அன்று திரும்ப இறக்கக் கூடாது, பிறகு மருத்துவர் எழுதித் தந்தால்தான் ஆட விட வேண்டும். பிள்ளை 'ஒண்ணுமில்லை' என்று அழுது கேட்டாலும் அதேதான்.

அப்புறம் கைரேகை. 2022 ஜனவரியிலிருந்து கலிஃபோர்னியாவில் இது சட்டம்: மாதம் 16 மணி நேரத்துக்கு மேலோ வருடம் 32 மணி நேரத்துக்கு மேலோ பிள்ளைகளோடு இருக்கும் தன்னார்வலர்கள் லைவ் ஸ்கேன், அதாவது குற்றப் பின்னணி பார்ப்பதற்காகக் கணினியில் எடுக்கும் கைரேகை, கொடுத்தாக வேண்டும். வாரம் இரண்டு பயிற்சி, ஒரு மேட்ச் என்றால் இரண்டே மாதத்தில் 32 தாண்டிவிடும். நான் இதைக் கடைசி வேலையாக வைத்துக்கொண்டதுதான் தப்பாகப் போயிற்று. பத்து நாள் கழித்து, ரேகை தெளிவாக இல்லை, மறுபடி எடுக்க வேண்டும் என்று பதில் வந்தது. வருடக்கணக்காகப் பாத்திரம் தேய்க்கிற விரல்கள். இரண்டாவது முறை எடுத்தவர், ஒரு வாரம் ராத்திரியில் லோஷன் தடவிக்கொண்டு வரச் சொன்னார், அப்படியே செய்ததும் சரியாகிவிட்டது. ஆனால் அதற்குள் முதல் பயிற்சி நாள் வந்துவிட்டது. எனக்கு அனுமதி வராததால் ஏற்கெனவே சரிபார்ப்பு முடித்திருந்த இன்னொரு அப்பா அதை நடத்திக் கொடுத்தார், நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். அதனால் சொல்கிறேன், மற்ற எதற்கும் முன்னால் கைரேகையை முடித்துவிடுங்கள். அங்கே தரும் படிவத்தில் ஓர் எண் இருக்கும், அதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி எடுக்கப் போகும்போது முதலில் கேட்பதே அந்த எண்ணைத்தான்.

நான் நடத்திய முதல் பயிற்சியில் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து, பாஸ் எப்படிக் கொடுப்பது என்று விளக்கினேன். பத்துப் பேர், ஒரு பந்து. மூன்றாவது பிள்ளையின் முறை வருவதற்குள் பின்னால் நின்ற நான்கு பேர் புல்லைப் பிடுங்கி ஒருவர் தலையில் ஒருவர் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் மேல் குற்றமே இல்லை. கோச்சுகளுக்கென்று சனிக்கிழமை நடந்த பயிற்சி வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது இதற்கு நேர்மாறானது: வந்தவுடன் சின்ன ஆட்டம், நடுவில் பயிற்சி, கடைசியில் மறுபடி ஆட்டம். கேட்கும்போது புரிந்தது, பிள்ளைகள் முன்னால் போய் நின்றதும் வாய் தானாகப் பேச ஆரம்பித்துவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து ஆளுக்கொரு நாலாம் நம்பர் பந்து, வருகிற வரிசையில் மூன்று பேருக்கு மூன்று பேர் ஆட்டம். எதைச் சொன்னாலும் அரை நிமிடத்துக்குள் முடிக்கப் பழகினேன். சீசன் முழுக்க எனக்குக் கஷ்டமாக இருந்தது இது ஒன்றுதான்.

மேட்ச் ஏழு பேருக்கு ஏழு பேர், பாதிக்கு 25 நிமிடம். இந்த வயதில் பந்தைத் தலையால் முட்டக் கூடாது, 2015-லேயே அமெரிக்க சாக்கர் அமைப்பு பத்து வயது வரை தடை அறிவித்துவிட்டது. கோல்கீப்பர் கையில் பந்து இருந்தால் எதிரணி ஒரு கோட்டுக்குப் பின்னால் போய்விட வேண்டும், கீப்பர் பந்தைத் தூக்கி உதைக்கவும் கூடாது. பக்கத்தில் இருப்பவருக்கு உருட்டிவிட்டு ஆடக் கற்கட்டும் என்பதற்காக. ஒவ்வொரு பிள்ளையும் குறைந்தது பாதி ஆட்டமாவது ஆட வேண்டும் என்பதும் விதி. இதற்கு நான் ஒரு தாளில் கட்டம் போட்டு, யார் எந்த நேரம் எங்கே என்று வீட்டிலேயே எழுதிக்கொண்டு போவேன். கோல் போடுகிற பிள்ளையை ஏன் வெளியே உட்கார வைத்தீர்கள் என்று ஒருவர் கோபமாக வந்தபோது அந்தத் தாளைத்தான் காட்டினேன். பத்துப் பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரம். அவர் படித்துப் பார்த்துவிட்டுப் போனார், பிறகு கேட்கவில்லை.

முதல் மேட்சில் நடுவர் காலில் அடிபடாமல் மாட்டும் ஷின் கார்டு, நகை எல்லாம் பார்த்துக்கொண்டே வந்தவர் ஒரு பிள்ளையின் தோட்டைக் கழற்றச் சொன்னார். அவள் அம்மா ஓடிவந்து, "அக்கா, காது குத்தி ஆறு வாரம்கூட ஆகலை, கழட்டினா தூர்ந்துடும்க்கா" என்றார். டேப் ஒட்டி மறைக்கவும் விதியில் இடமில்லை. பிள்ளை அழுதாள். அன்று என் பக்கத்தில் உட்கார வைத்து அந்தக் கட்டத் தாளையும் பென்சிலையும் அவள் கையில் கொடுத்தேன். யார் உள்ளே போக வேண்டும், யார் வெளியே வர வேண்டும் என்று எனக்கு முன்னால் அவளே கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். காது ஆறும்வரை இரண்டு மேட்ச் அப்படியே போயிற்று. அதற்கப்புறம் ஆட்டத்துக்குச் சற்று முன்னால் கழற்றி, முடிந்த கையோடு துளி தேங்காய் எண்ணெய் தொட்டு மாட்டிவிட்டார்கள்.

நவம்பரில் கடிகாரத்தை மாற்றியதும் ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது, கடைசிப் பயிற்சிகளை நான்கு மணிக்கு மாற்றினோம், அதற்காக அலுவலகத்தில் சீக்கிரம் கிளம்ப அனுமதி வாங்கினேன். அடுத்த ஆகஸ்டுக்கும் பெயர் கொடுத்துவிட்டேன். இதே லீக்கில் தொடர்ந்தால் கைரேகை மறுபடி வேண்டாமாம். வேறு அமைப்புக்குப் போனால் முதலிலிருந்து கொடுக்க வேண்டும்.