ஞாயிற்றுக்கிழமை டியூட்டி

எண்பதுகளின் கடைசியில் சென்னைத் தொலைக்காட்சி நிலையத்தில் டியூட்டி ஆபீசராக இருந்த எனக்கு முக்கியமான வேலை, டிவி பார்ப்பது. வெளியே சொன்னால் பொறாமைப்படுவார்கள். ஒளிபரப்பாகும் அத்தனையையும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எது எத்தனை மணிக்குத் தொடங்கியது, ஒலி சரியாக வந்ததா என்று ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். நடுவில் போன் அடித்தால் எடுத்துப் பதில் சொல்ல வேண்டும். பிடித்தது, பிடிக்காதது என்ற பேச்சுக்கே இடமில்லை.

வகைவகையாகப் பார்க்க வேண்டுமென்றால் ஞாயிறுதான். காலை ஒன்பதரைக்கு டில்லியிலிருந்து 'ராமாயணம்'. 1987 ஜனவரியில் தொடங்கி அடுத்த வருடம் ஜூலை வரை வந்தது. இந்தி தெரியாத வீடுகளிலும் பார்த்தார்கள், கதைதான் தெரியுமே. அந்த நேரத்தில் போன் வந்தால் பெரும்பாலும் ஒரே விஷயம்தான்: "சார், எங்க வீட்டுல மட்டும் படம் தெரியல." மொட்டை மாடிக்குப் போய் ஆண்டெனாவில் காக்காய் உட்கார்ந்து திருப்பிவிட்டதா பாருங்கள் என்பேன்.

மதியம் ஒன்றரைக்கு மாநில மொழிப் படம். அசாமி, வங்காளம், மலையாளம் என்று வாரம் ஒன்று, கீழே ஆங்கில எழுத்துகளோடு. நல்ல படங்கள் பலவற்றை நான் சம்பளம் வாங்கிக்கொண்டு பார்த்தது அப்போதுதான். போன் செய்பவர்கள் கேட்பது மட்டும், "சாயங்காலம் என்ன படம் சார்?"

அந்தச் சாயங்காலத் தமிழ்ப் படம்தான் அன்றைக்குத் திருவிழா. படப்பெட்டி வந்து இறங்கியதிலிருந்தே, சினிமா பிலிமை ஓட்டி டிவிக்கு மாற்றும் டெலிசினி அறையில் பரபரப்பு. தியேட்டரில் படம் வினாடிக்கு 24 பிரேம் ஓடும். நம் டிவிக்கு 25 வேண்டும் என்பதால் டெலிசினியில் ஒரு பிரேம் கூடுதலாக ஓட்டுவார்கள். இரண்டரை மணி நேரப் படம் ஆறு நிமிஷம் முன்னாலேயே முடிந்துவிடும். இரவு டில்லி ஒளிபரப்போடு சேர வேண்டிய நேரம் நெருங்கும்போது அந்த ஆறு நிமிஷம் எங்களுக்குப் பெரிய வரம். ஆனால் வேகம் கூடினால் சுருதியும் கூடும், ஏறக்குறைய முக்கால் ஸ்வரஸ்தானம். சங்கீதப் பிரிவில் இருந்த நண்பர் ஒருவர் பழைய பாட்டு வந்தாலே முகம் சுளிப்பார்: "பாகவதரே ஆனாலும் இங்க வந்தா கட்டை ஏறிடுது!" பார்வையாளர்கள் யாரும் சுருதி பற்றி போன் செய்ததில்லை. பாட்டு குறைந்தால் மட்டும் விடமாட்டார்கள். ஊர் ஊராக ஓடித் தேய்ந்த பிரின்ட், பாட்டு எந்த ஊரில் அறுந்ததோ. திட்டு எங்களுக்கு.

அன்று இரவு ரிஜிஸ்டரைப் புரட்டினால் சினிமாவுக்கு ஒரு பக்கம் நிறைய போன், மற்றதுக்கெல்லாம் ஒன்றிரண்டு. இதை வைத்து எதை ஜனங்கள் பார்த்தார்கள் என்று முடிவு கட்டுவது சுலபம். எனக்கு அதில் நம்பிக்கை வந்ததே இல்லை. அன்று போன் வைத்திருந்தவர்கள் எத்தனை பேர்? விண்ணப்பித்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலம் அது. விவசாய நிகழ்ச்சியான 'வயலும் வாழ்வும்' பார்த்தவர்களில் பலர் பஞ்சாயத்து டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து பார்த்தவர்கள். அவர்கள் எழுதுவது பதினைந்து பைசா கார்டில். மருந்தின் அளவை மெதுவாகச் சொல்லுங்கள், எழுதிக்கொள்வதற்குள் போய்விடுகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். அதைவிட உருப்படியான விமர்சனம் எங்களுக்குப் போனில் வந்ததாக நினைவில்லை. இப்போதும் ரேட்டிங் பற்றிப் பேச்சு வரும்போது, யார் எதைப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் மீட்டர் எந்த வீட்டில் இருக்கிறது என்றுதான் முதலில் கேட்கத் தோன்றுகிறது.

ஞாயிறுகளில் ஒரு நிகழ்ச்சிக்குப் போனே வராது. 1987 அக்டோபரில் தொடங்கிய, காது கேளாதவர்களுக்கான வாராந்தரச் செய்தி. டில்லியிலிருந்து வருவதை நாங்கள் அப்படியே கொடுப்போம். கைகளால் செய்தி சொல்லிக்கொண்டிருப்பார்கள், டியூட்டி ரூமில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும். "இதை யார் சார் பாக்கறாங்க, ஒரு போன்கூட வரலயே" என்றார் புதிதாகச் சேர்ந்த உதவியாளர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாருக்கான செய்தி என்று யோசித்துப் பாருங்க தம்பி என்றேன். அவரும் சிரித்துவிட்டார்.

அப்புறம் அதற்கும் ஒரு கார்டு வந்தது. செய்தி சொல்பவர் பூப்போட்ட உடை உடுத்த வேண்டாம், அதன்மேல் கை அசைவது சரியாகத் தெரியவில்லை, ஒரே நிறமாக இருந்தால் நல்லது என்று நாலே வரி. ரிஜிஸ்டரில் தொலைபேசிக்குத்தான் கட்டம் உண்டு. கார்டை அந்தப் பக்கத்தில் குண்டூசி போட்டுக் குத்திவைத்துவிட்டு, ஒரு நகல் எடுத்து டில்லிக்கு அனுப்பினேன்.